கால் பங்கு ஆசான்

இலக்கண வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரினர்; விடுமுறை நாள்களில் திராட்சைத் தோட்டக் கூலிக்குப் போய்க்கொண்டே படிப்பவர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறார். "ஐயா, தேனியில ஒரு ஜிம்முல பெர்சனல் டிரெய்னருக்கு மாசம் ஐயாயிரம் கேக்குறாங்க. வச்சுக்கலாமாங்கய்யா?" என்றார். நன்னூல் நடத்துபவரிடம் கேட்கத்தக்க ஐயமா இது என்று முதலில் நகைப்பே வந்தது. ஐயாயிரம் என்பது அவருக்குப் பத்து நாள் கூலிக்கு மேல் என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டு நாளில் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டுப் பழைய ஏடுகளைப் புரட்டினோம்.

உடலைப் பழக்க ஆசானை நாடுவது நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. ஒரு கால் மார்பிலும் மற்றொன்று முதுகுப்புறத்திலுமாக ஆமூர் மல்லனை அவன் மடக்கிய காட்சியைச் சாத்தந்தையார் நேரில் கண்டவர்போல் பாடுகிறார். போரவை என்பதற்குப் போர்ப்பயிற்சி செய்யும் அவை என்று பொருள் கொள்வர். அவை இருந்ததெனில் பயிற்றியவர் ஒருவரும் இருந்திருக்க வேண்டும். பாடல்களிலோ தந்தை தித்தன் வருகிறான், தோற்ற மல்லன் வருகிறான், காதல் கொண்ட நக்கண்ணையார் தாமே பேசுகிறார்; ஆசானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. (பயிற்றுநர் தொழிலின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது போலும்!)

ஆசானின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டே சொன்னவர் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அவர் கூறுவது இது: ஆசிரியர் உரைப்பதை எத்துணைச் செம்மையாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வாய்க்கும். ஆண்டுதோறும் இந்நூற்பாவை நடத்துகிறோம். உடற்பயிற்சிக்கும் இது பொருந்தும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அப்படியானால் மாணவர் சொன்ன ஐயாயிரம் கால் பங்குக்கு மட்டுமே உரிய விலை.

கம்பம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் தம் இளமைக் காலச் சிலம்பப் பயிற்சி பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர் இளவட்டங்கள் சேர்ந்து வாத்தியாரை அழைத்து வருவார்களாம். வெற்றிலை பாக்கில் வைத்துத் தட்சணை. சாப்பாடு முறை வைத்து வீட்டுக்கு ஒரு நாள். பத்துப் பேர் சுற்றும்போது ஒருவன் காலடி பிழைத்தால், அவன் கணுக்காலில் மட்டும் கம்பு நுனியால் ஒரு தட்டு விழும். செலவு பொது, திருத்தம் தனி.

தனி மனிதருக்குப் பயிற்சி விற்பதை உலக வாணிபமாக்கியவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவில் பிறந்த இவர், 1897இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். 1901இல் ஆல்பர்ட் ஹாலில் இவர் நடத்திய உடலழகுப் போட்டியின் நடுவர்களுள் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில். நேரில் வர இயலாதவர்க்கு அஞ்சல்வழிப் பாடம் உண்டு. 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து போனார். தமிழகத்தில் அவர் பெயர் பட்டமாகவே நிலைத்துவிட்டது. தோழர்களோடு தேகப்பயிற்சி செய்து உடலை வளர்த்த கோவைச் சின்னப்பா தேவர், 'சாண்டோ' சின்னப்பா தேவர் ஆனார். கையில்லாத பனியன்கூடச் சாண்டோ பனியன்தான். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே. வி. ஐயரும் அஞ்சல்வழிப் பயிற்சி தந்தவர். (கன்னடத்தில் 'சாந்தலா' என்னும் வரலாற்று நாவலை எழுதியவரும் இவரே. பளுவும் எழுதுகோலும் ஒரு கைக்கு அடங்கியதை எண்ணி நாம் சற்றே பொறாமை கொண்டதுண்டு.) ஆனால் அஞ்சலில் வரும் தாளுக்குக் கண் கிடையாது. எடை தூக்குபவன் முதுகை வளைத்தால் அது காணாது.

அந்தக் கண்ணுக்குத்தான் கூலி என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1952இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பம்பாயில் பி. கே. எஸ். ஐயங்காரிடம் யோகாசனம் பயிலத் தொடங்கினார். 1954இல் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தபோது, தம் மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் என்று அதில் பொறித்துத் தந்தார். ஐயங்கார் அவருக்குக் கற்பித்தது வயலின் அன்று. அதைத் தாங்கும் உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதை.

நமக்கும் இதில் பட்டறிவு உண்டு. நாற்பதைக் கடந்தபின் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, பார்ப்பார் எவருமின்றி எடை தூக்கி, முதுகு பிடித்துக்கொள்ள, மூன்று வாரம் உட்கார இயலாமல் நின்றபடியே பாடம் நடத்தினோம். பிறகு தனிப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். இடுப்பை எங்கே வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்று முதல் சில வாரங்களில் அவர் திருத்தியவை பொன்னானவை. ஐந்தாம் மாதத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண நமக்கே தெரியும் என்பதால் நின்றுவிட்டோம்.

மூன்றாம் நாள் மாணவரை அழைத்துச் சொன்னோம்: "தம்பி, 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட உனக்கு ஆசான் வேண்டாம், விடியலில் உன்னோடு ஓட நாலு பேர் வேண்டும். கயிறு ஏறுவது அப்படியில்லை. காலால் கயிற்றைப் பிடிக்கும் விதம் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். அதற்கு ஒரு மாதம் போதும்."

சென்ற வாரம் அவரைக் கண்டோம். ஐந்து பேர் கூடி, பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை ஒரு மாதத்துக்கு அமர்த்திக்கொண்டார்களாம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். ஊருக்கு வெளியே புளியமரக் கிளையில் கயிறு தொங்குகிறது. மாதம் முடிந்த பின், ஏறப் பழகியவர்கள் அடுத்த தேர்வுக்குப் போகும் தம்பிமாருக்குச் சொல்லித் தருவதாக ஏற்பாடு.