சிட்கா: உருசிய அமெரிக்காவின் தலைநகரும் நிலவுரிமை வினாவும்

அலாஸ்காவின் தென்கீழ்க் கரையோரத்தில், பரனோவ் தீவில் அமைந்துள்ள சிட்கா நகரை அடைவோர், நகர் நடுவே குமிழ்வடிவ மாடம் தாங்கிய தூய மிக்கேல் பேராலயத்தையும், இந்தியன் ஆற்றின் முகத்துவாரத்தை அண்டிய சோலையிலே திலிங்கித் மக்களின் குலச்சின்னத் தூண்களையும் காண்பர். இவை அருகருகே நிற்றல் கொண்டு, இரு பண்பாடுகளும் இணக்கமாகக் கலந்தன எனக் கருதுதல் எளிது. வரலாறோ அத்துணை எளிய முடிவுக்கு இடந்தருவதன்று.

உரோமத் தோல் வாணிகத்தை நாடிய உருசிய அமெரிக்கக் கம்பனியின் சார்பில் அலெக்சாந்தர் பரனோவ் 1799 இல் இத்தீவிலே கோட்டை அமைத்தார். 1802 இல் திலிங்கித் மக்கள் அதனை அழித்தனர். 1804 இல் பரனோவ், லிசியான்ஸ்கியின் தலைமையிலான நீவா என்னும் போர்க்கப்பலின் துணையுடன் மீண்டார். ஆற்று முகத்துவாரத்திலிருந்த மரக்கோட்டையினின்று கட்லியான் முதலானோர் முதற்றாக்குதலை முறியடித்தனர், பரனோவும் காயமுற்றார். எனினும், வெடிமருந்து ஏற்றிவந்த தோணி வெடித்தழியவே, கோட்டையைத் துறந்து அவர்கள் தீவின் வடபால் நடந்து சென்றனர். அக்கோட்டை நின்ற இடம் நிலவூடுருவிக் கருவிகளின் துணைகொண்டு இனங்காணப்பட்டமை 2021 இல் வெளியிடப்பட்டது.

1808 இல் இந்நகர் உருசிய அமெரிக்காவின் தலைநகராயிற்று. ஆயினும் அப்பரந்த நிலப்பரப்பில் உருசியர் தொகை ஒருபோதும் ஆயிரத்தை எட்டவில்லை. உணவுக்கும் வாணிகத்துக்கும் அவர்கள் சுதேசிகளையே சார்ந்திருந்தனர். 1820 களின் தொடக்கத்தில் திலிங்கித் மக்கள் மீண்டும் வந்து அரண்வேலிக்கு வெளியே குடியமர்ந்தமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். ஆகவே, உருசியர் ஆட்சி அரண்வேலிக்கு அப்பால் பெயரளவிலேயே நிலவியது எனலாம்.

இவ்வுண்மையே 1867 ஆம் ஆண்டின் விற்பனையை வினாவுக்குரியதாக்குகின்றது. அலாஸ்கா 72 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டு, ஒக்டோபர் 18 இல் சிட்காவின் குன்றொன்றின்மீது கொடி மாற்றப்பட்டது. அக்குன்றுதானும் முன்னர் திலிங்கித் மக்களின் குடியிருப்பாகும். குடியிருப்போருக்கு உரிமைகளை உறுதிசெய்த உடன்படிக்கை, நாகரிகமற்றவர் எனத் தான் வகைப்படுத்திய பழங்குடிகளை அவ்வுரிமையினின்று விலக்கிற்று. தமக்குரியதல்லாத நிலத்தை உருசியர் விற்றல் எங்ஙனம் என்பதே திலிங்கித் மக்களின் வாதமாயிற்று. 1959 இல் அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றம், தென்கீழ் அலாஸ்காவில் திலிங்கித், ஹைதா மக்களுக்கு மரபுவழி நிலவுரிமை இருந்ததென்றும், உடன்படிக்கை அதனை அழிக்கவில்லையென்றும் தீர்ப்பளித்தது. 1968 இல் வழங்கப்பட்ட இழப்பீடு ஏறத்தாழ 75 இலட்சம் டொலர். ஒரு நூற்றாண்டுக் காலத் தாமதத்தை நோக்குமிடத்து, இத்தொகை நீதியினும் ஒப்புதலின் அடையாளமாகவே கொள்ளத்தக்கது.

பேராலயத்தின் வரலாறு பிறிதொரு கோணத்தைக் காட்டுகின்றது. உருசியர் பெரும்பாலோர் அகன்ற பின்னர் அச்சமயத்தைப் பேணியோருள் திலிங்கித் மக்கள் முதன்மையானோர். 1966 இல் ஆலயம் தீக்கிரையானபோது ஊரவர் திருவுருவங்களைக் காத்தனர். ஆலயம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. வந்தேறியவர் விட்டுச்சென்றதைச் சுதேசிகள் தமதாக்கிக் கொண்டமை அடிமைத்தனமன்று, தெரிவேயாகும். 1999 இல் போர் நிகழ்ந்த இடத்திலே கட்லியான் நினைவாகத் தூண் நாட்டப்பட்டது. 2020 இல் பொதுவிடத்தினின்று பரனோவின் சிலையை அகற்றி நூதனசாலைக்கு மாற்ற நகரசபை தீர்மானித்தது. மரபுரிமை என்பது கட்டடங்களின் தொகுப்பன்று. எவர் நிலத்தில் எவர் நினைவு நிற்பது என்னும் வழக்கு அது என்பதைச் சிட்கா உணர்த்துகின்றது.