பட்டா யார் பேரில்?

மூளையைப் பற்றிய இந்த வாரக் கதை திருவண்ணாமலையில், ஒரு முழங்கையில் தொடங்குகிறது. ரமண மகரிஷியின் இடது முழங்கையை ஒட்டி ஒரு சிறு கட்டி. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள்; மறுபடி வந்தது. டிசம்பருக்குள் நான்கு அறுவைகள். சார்கோமா என்று தெரிந்தபின், கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். மகரிஷி சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அடங்கினார். அந்த மறுப்புக்கு ஆன்மிக விளக்கம் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. எனக்கு முழங்கை போதும்.

கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: கரண்ட் அடித்த மாதிரி சுண்டு விரல் வரை விர்ரென்று ஓடும். அடிபட்டது முழங்கை, துடிப்பது விரல். தோலுக்கடியில் எலும்பை ஒட்டி ஓடும் அல்நார் நரம்பின் வேலை அது. அந்தக் கம்பியில் எங்கே தட்டினாலும் சேதி சுண்டு விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

தொழுநோய் தேடிப் பிடிப்பதும் அதே நரம்பை, அதே இடத்தில்தான். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்தார் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். பிறந்தது நம் கொல்லிமலையில். நரம்பு கெடாத தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, தொடு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை.

1956-ல் மரியான் சிம்மெல் என்ற உளவியலாளர் விசித்திரமான ஒன்றை எழுதினார். தொழுநோயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன விரல்கள், 'இன்னும் இருக்கிறேன்' என்று தொந்தரவு செய்வதில்லை. மிச்சமிருப்பதை அறுவையில் எடுத்தால்தான் இல்லாத விரல் இருப்பதுபோலத் தோன்றுகிறதாம்.

அப்படியானால் விரல் இருப்பது எங்கே? 1937-ல் மாண்ட்ரியலின் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் லேசாக மின்சாரம் வைத்து, எங்கே தொட்டால் எந்த உறுப்பு கூசுகிறது என்று குறித்தார். அந்த வரைபடத்தில் கைக்கு அடுத்த மனை முகத்துடையது. 1983-ல் மெர்செனிக்கும் காஸும் குரங்கின் கை நரம்பு ஒன்றை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளங்கைப் பக்கத்துக்கான இடம் சும்மா கிடக்கவில்லை. புறங்கை அதில் குடியேறியிருந்தது. நகர்ந்தது ஓரிரு மில்லிமீட்டர்தான். 1991-ல் போன்ஸ் குழு வெளியிட்டது இன்னும் பெரிய ஆக்கிரமிப்பு. கையிலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட குரங்குகளில், ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தாண்டி முகம் உள்ளே வந்திருந்தது.

இதைப் படித்ததும் துள்ளியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவில் பேராசிரியராக இருந்த வி.எஸ்.ராமச்சந்திரன். கோடிக்கணக்கில் கருவி எதுவும் அவர் தேடவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தார். நான்கே வாரம் முன்பு இடது கையை இழந்த பதினேழு வயதுப் பையன். கண்ணை மூடச் சொல்லி, கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தில் படுகிறது, கட்டை விரலிலும் படுகிறது." மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். கீழ்த் தாடையைத் தொட்டால் அந்தச் சுண்டு விரல்! முகத்தில் வெந்நீர் சொட்டினால், இல்லாத கையில் வெதுவெதுப்பாக வழிந்தது. 1992-ல் இது அச்சேறியது.

காலி மனையில் பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகை போட்டுவிட்டார் என்றுதான் நானும் மேடைகளில் சொல்லிவந்தேன். இப்போது அத்தனை துணிச்சல் இல்லை. நான்கு வாரத்தில் புது நரம்பு அவ்வளவு தூரம் வளர்ந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பேச்சு முன்பும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இந்த வீட்டுச் சத்தம் அடங்கியதும் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

2025-ல் டாமர் மேக்கின் குழு எவரும் செய்யாததைச் செய்தது. கை எடுக்கப்படவிருந்த மூன்று பேரின் மூளையை அறுவைக்கு முன்பே படமெடுத்து, ஐந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. உதட்டைக் குவிக்கச் சொன்னபோது உதட்டின் இடம்தான் ஒளிர்ந்தது, வேலி தாண்டவில்லை. போய்விட்ட விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார்கள். பழைய இடங்களே ஒவ்வொன்றாக விழித்தன, சுண்டு விரலுடையது உட்பட.