கரடி (ஓரங்க நாடகம்)

ருஷ்ய எழுத்தாளர் அன்டன் செகாவ் 1888-இல் எழுதிய காதல் நகைச்சுவை நாடகம். அதே ஆண்டு மாஸ்கோவில் கோர்ஷ் நாடக அரங்கில் மேடையேறியது.

கணவன் இறந்து ஏழு மாதமாகியும் வீட்டைவிட்டு வெளியேறாமல் துக்கம் காக்கிறாள் பொப்போவா. அவன் வாங்கிய ஓட்ஸுக்கான 1,200 ரூபிள் கடனைக் கேட்டு வந்து கத்துகிறான் முரட்டு நிலக்கிழார் ஸ்மிர்னோவ். வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கிச் சண்டைக்கே அழைக்கிறான். அவள் அசரவில்லை, கணவனின் கைத்துப்பாக்கிகளை எடுத்துவந்து, எப்படிச் சுடுவதென்று அவனிடமே கேட்கிறாள். சொல்லிக்கொடுக்கும்போதே அவன் மனம் அவளிடம் சாய்ந்துவிடுகிறது. நாடகத்தின் உயிரே இந்த இடம்தான்: எதிரும் புதிருமான இருவரையும் இணைப்பது அவர்களின் வீம்பு. காதல் கனிவதைச் சண்டையின் வேகம் குறையாமலே காட்டியது செகாவின் பெரும் திறமை.

நாடகம் பல மேடைகளில் வெற்றிகரமாக ஓடி, அவருக்கு நல்ல வருவாயும் தந்தது.