வேலை போன மறுநாள்: இர்விங் கண்ட சரிவுகள்

டெக்சஸ் மாநிலம் இர்விங் நகரில் லாஸ் கொலினாஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வில்லியம்ஸ் சதுக்கத்தில் ஒன்பது வெண்கலக் குதிரைகள் நீரோடையைத் தாண்டிப் பாய்கின்றன. கென்யாவில் பிறந்த சிற்பி ராபர்ட் க்ளென் வடித்த அவை 1984ல் அங்கே வந்து சேர்ந்தன. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப்போய் அங்கே நிறுத்திப் படம் எடுக்காத டாலஸ் தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் அந்தச் சிலைகள் வந்த சில ஆண்டுகளிலேயே டாலஸ் வட்டாரமெங்கும் அலுவலகக் கட்டடங்கள் ஆளில்லாமல் கிடந்தன என்பதும், இந்த ஊர் வேலையிழப்பை ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்தது என்பதும் படம் எடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

1903ல் ரயில் பாதையை ஒட்டி உருவான சிற்றூர் இர்விங். அதன் தலையெழுத்தை மாற்றியவர் பென் கார்ப்பென்டர். தன் குடும்பத்தின் மாட்டுப் பண்ணை நிலத்தை 1973ல் திட்டமிட்ட நகரமாக்க இறங்கினார். மறு ஆண்டு ஜனவரியில் பக்கத்திலேயே டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையம் திறந்தது. பண்ணை நிலத்தில் கால்வாயும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுந்தன, பெரிய நிறுவனங்கள் தலைமையகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன. கிம்பர்லி-கிளார்க் 1985ல் வந்தது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1985 முடிவில் பீப்பாய் 25 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 1986 நடுவில் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. டெக்சஸில் எண்ணெய் விழுந்தால் எண்ணெய்க் கிணற்றோடு நிற்பதில்லை. எண்ணெய்ப் பணத்தை நம்பி நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கடன் கொடுத்த வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. மாநிலத்தின் பத்துப் பெரிய வங்கிக் குழுமங்களில் ஒன்பது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திவாலாயின, அல்லது கைமாறின. லாஸ் கொலினாஸின் கோபுரங்களை இணைக்க 1989ல் ஓடவிட்ட குட்டி ரயில், ஏறுவதற்குப் போதிய ஆள் இல்லாமல் 1993ல் நின்றது, 1996ல்தான் மறுபடி ஓடியது.

அந்தச் சரிவில் வேலை இழந்த வங்கி எழுத்தரும் கட்டடத் தொழிலாளியும் பட்ட துன்பம் சின்னதல்ல. வீடு ஏலம் போனவர்கள் ஏராளம். ஆனாலும் அவர்களுக்கு ஒன்று இருந்தது: காலம். மாநில அரசின் வேலையில்லாக் கால உதவித்தொகை 26 வாரம் வரை கிடைத்தது. கிடைத்த வேலையைச் செய்யலாம், கடையில் நிற்கலாம், வேறு மாநிலம் போகலாம். 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் பெருமளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் 1988ல் வந்தது. பின்னால் இதே ஊரில் வேலை இழந்த தமிழர்களுக்கு இல்லாமல் போனது இந்தக் காலம்தான்.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சரிவிலிருந்து டாலஸ் வட்டாரத்தைத் தூக்கிவிட்டதில் தொலைத்தொடர்புக்குப் பெரும்பங்கு உண்டு. கிழக்கே ரிச்சர்ட்சனில் நார்டெல், எரிக்ஸன், அல்காடெல், ஃபுஜிட்ஸு என்று ஒரு தெருவே உருவானது. இர்விங்கில் ஜி.டி.இ.யின் தலைமையகமும் நோக்கியாவின் அமெரிக்கத் தலைமையகமும் இருந்தன. இன்னொரு பக்கம் 1990ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வெளிநாட்டுத் திறன்பணியாளருக்கான எச்-1பி விசாவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தது. 2000ம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்குப் பழைய கோபால் (COBOL) மொழி நிரல்களைத் திருத்த ஆள் வேண்டியிருந்தது, செல்பேசி வலைப்பின்னலுக்கும் ஆள் வேண்டியிருந்தது. உச்சவரம்பு முதலில் 1,15,000 ஆனது, 2000 அக்டோபரில் வந்த சட்டத்தால் 1,95,000 ஆனது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் எம்.சி.ஏ., பி.இ. முடித்த பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். பலரை அழைத்து வந்தது பெரிய நிறுவனமல்ல, ஆள் அனுப்பும் கன்சல்டன்சி. சம்பளம் கன்சல்டன்சி தரும், வேலை க்ளையன்ட் இடத்தில். இடையில் ஒரு வெண்டர், சில சமயம் இரண்டு.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் 2001ல் தெரிந்தது. 2000 மார்ச்சில் 5,000 புள்ளியைத் தாண்டிய நாஸ்டாக் 2002 அக்டோபரில் 1,114க்கு விழுந்தது. தேவைக்கு மேல் பல மடங்கு கண்ணாடியிழைக் கம்பி மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது, அதற்குக் கருவி விற்றவர்களுக்கு வாங்க ஆளில்லை. உலகமெங்கும் 90,000 பேருக்கு மேல் வைத்திருந்த நார்டெல் இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே சுருங்கியது. 2002 ஜூலையில் வேர்ல்ட்காம் திவால் மனு கொடுத்தது. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய திவால் அது. பொருளாதார அறிஞர்களின் கணக்குப்படி மந்தம் 2001 மார்ச்சில் தொடங்கி நவம்பரிலேயே முடிந்துவிட்டது. வேலை தேடியவர்களைக் கேட்டால் 2003 வரைக்கும் முடியவில்லை என்பார்கள்.

ப்ராஜெக்ட் முடிந்தவர் ‘பெஞ்ச்’சுக்கு, அதாவது அடுத்த ப்ராஜெக்டுக்குக் காத்திருக்கும் நிலைக்கு, வந்தார். பெஞ்ச்சில் இருப்பவருக்கும் முழுச் சம்பளம் தரவேண்டும் என்று 1998ம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. நடைமுறை வேறாக இருந்தது. கன்சல்டன்சியின் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்பது இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், அதில் ஆறு பேர், எட்டுப் பேர். சுவரோரம் மடித்து வைத்த மெத்தைகள், சமையலறையில் 20 பவுண்டு அரிசி மூட்டை, கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொலைபேசி. ஒருவர் இன்டர்வியூ பேசும்போது மற்றவர்கள் குக்கரை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருப்பார்கள். யாரிடம் கார் இருக்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் சாரதி, ஏனென்றால் லாஸ் கொலினாஸ் பக்கம் டாலஸின் டார்ட் ரயில் வந்ததே 2012ல்தான். கன்சல்டன்சிக்காரர் காலையில் ‘ஹாட்லிஸ்ட்’ அனுப்புவார்: பெஞ்ச்சில் இருப்பவர் பெயர், ஜாவா எத்தனை ஆண்டு, ஆரக்கிள் எத்தனை ஆண்டு, எந்த ஊருக்கும் போகத் தயார். ஒரே வேலைக்கு அந்த வீட்டிலிருந்தே மூன்று ரெஸ்யூமே போன நாட்களும் உண்டு.

சம்பளச் சீட்டு இல்லையென்றால் விசா நிலை கெடும். அதற்குப் பயந்து தன் சேமிப்பையே நிறுவனத்திடம் கொடுத்து, அதை வரி பிடித்த சம்பளமாகத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தார்கள். சட்டத்துக்குப் புறம்பான காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குற்றத்தின் பெரிய பங்கு ஆளை அழைத்து வந்து சம்பளத்தை நிறுத்திய முதலாளியுடையது. அந்த இளைஞர்களுக்குச் சாதகமாக இருந்த விதியைக்கூட எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

அந்நாளைய விதியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போன மறுநாள் முதல் அமெரிக்காவில் இருக்கச் சட்டப்படி நிலையில்லை. சலுகை நாள் ஒன்றுகூடக் கிடையாது. வேலையில்லாக் கால உதவித்தொகையும் பெரும்பாலும் கிடைக்காது: உடனே எந்த வேலையிலும் சேரத் தகுதி இருந்தால்தான் அந்தப் பணம், எச்-1பிக்காரருக்கோ புதிய முதலாளி மனுப் போட்டால்தான் தகுதி. துணைவருக்கான எச்-4 விசாவில் வந்த மனைவி வேலைக்குப் போக முடியாது. அந்தக் கதவு, அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டும், திறந்தது 2015ல். ஆக, வேலை போன வீட்டில் வருமானம் என்பது பூஜ்யம். ஊரில் அமெரிக்க மாப்பிள்ளை என்று பெயர், தங்கை கல்யாணக் கடன் பாதியில். “ஆபீஸ் முடிஞ்சு இப்பத்தாம்மா வந்தேன்” என்று தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுபடி ரெஸ்யூமே அனுப்ப உட்கார்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேர்.

ஒரே ஆறுதல் 2000ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. புதிய முதலாளி மனுவைத் தாக்கல் செய்தாலே போதும், ஒப்புதலுக்குக் காத்திராமல் வேலையில் சேரலாம். அதற்குப் புதிய முதலாளி வேண்டுமே. 2001 நிதியாண்டில் சுமார் 2 லட்சம் புதிய எச்-1பி ஒப்புதல்கள், அடுத்த ஆண்டு அது ஏறக்குறைய பாதி. பலர் திரும்பினார்கள். திரும்பியவர்களை வரவேற்ற சென்னை மாறிக்கொண்டிருந்தது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்திருந்தது, செலவைக் குறைக்க நினைத்த அமெரிக்க நிறுவனங்கள் வேலையையே அங்கே அனுப்பின. ஆனால் அப்படிப் போன வேலையும் நிலைக்கும் என்று உறுதியில்லை. இர்விங்கில் அமெரிக்கத் தலைமையகம் வைத்திருந்த அதே நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி ஆலையைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அதில் வேலை பார்த்தார்கள். வரித் தகராறில் சிக்கி, நோக்கியா தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது அதிலும் சேராமல், 2014 நவம்பர் 1ம் தேதி அந்த ஆலை மூடியது. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண்ணுக்கு விருப்ப ஓய்வுத் தொகை கிடைத்தது. அடுத்த வேலை கிடைக்கவில்லை.

2008ன் மந்தத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவம் வரலாற்றில் இருக்க வேண்டியது. வேலை வழியாக நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டைக்குக் காத்திருந்த ஏறக்குறைய எல்லோரும் 2007 ஜூலையில் அதன் கடைசிக் கட்ட விண்ணப்பம் போடலாம் என்று அரசு அறிவித்தது. ஆவணங்களைத் திரட்டி, மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நின்று, வக்கீலுக்குப் பணம் கட்டியவர்களிடம், ஜூலை 2ம் தேதி ‘இல்லை’ என்று கதவைச் சாத்தியது. இந்தியர்கள் அமெரிக்கக் குடிவரவுத் துறைத் தலைவர் எமிலியோ கொன்சாலஸின் அலுவலகத்துக்குப் பூச்செண்டுகளாக அனுப்பினார்கள். காந்தி வழிப் போராட்டம். அவர் அந்தப் பூக்களை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17ம் தேதி அரசு இறங்கிவந்தது, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்தச் சில வாரங்களுக்குள் மனுப் போட்டவர்களுக்குத் தனி வேலை அனுமதி கிடைத்தது. மனைவிக்கும் கிடைத்தது. மனு 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே வகை வேலைக்கு வேறு முதலாளியிடம் மாறவும் முடிந்தது.

லீமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் விழுந்து, 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டபோது, ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் வேலை இழந்த இரண்டு தமிழர்களின் கதி வெவ்வேறாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பூச்செண்டுகள்தான். அப்போது மனுப் போட்டிருந்த ஒருவரால் பெட்ரோல் பங்கில்கூட நின்று குடும்பத்தைக் காக்க முடிந்தது. மற்றவர் பெட்டியைக் கட்டினார். அரசின் மீட்பு நிதி பெற்ற வங்கிகள் எச்-1பி ஆளை எடுக்கக் கட்டுப்பாடு விதித்து 2009 பிப்ரவரியில் வேறு சட்டம் வந்தது. முந்தைய ஆண்டு முதல் வாரத்திலேயே தீர்ந்த எச்-1பி ஒதுக்கீடு, அந்த ஆண்டு டிசம்பர் 21 வரை நிரம்பவில்லை. எத்தனையோ போராட்டங்கள் வீணாகப் போயிருக்கலாம். பூச்செண்டுப் போராட்டம் வீண்போகவில்லை.

சங்கமும் கோயிலும் வரலாற்றில் பெயரில்லாத வேலையைச் செய்தன. இர்விங்கின் டி.எஃப்.டபிள்யூ. இந்துக் கோயிலும் மெட்ரோப்ளெக்ஸ் தமிழ்ச் சங்கமும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அல்ல. ஆனால் கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது நடக்கும் பேச்சில்தான் எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, எந்தக் கன்சல்டன்சி சம்பளம் பாக்கி வைக்கிறது என்ற உண்மை வெளியே வரும். “நம்ம டீம்ல ஒரு இடம் இருக்கு தம்பி, ரெஸ்யூமே அனுப்பு” என்ற ஒரு வார்த்தைக்கு அந்த நாட்களில் இருந்த மதிப்பு, பெற்றவருக்குத்தான் தெரியும்.

சலுகை நாள் என்ற ஒன்று சட்டத்தில் ஏறியது 2017 ஜனவரி 17ம் தேதி. வேலை போனபின் 60 நாள், அல்லது அனுமதிக்கப்பட்ட தங்கும் காலம் முடியும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை இருக்கலாம். பூஜ்யத்திலிருந்து 60 பெரிய முன்னேற்றம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்கியபோது இந்த 60 நாள் பலரைக் காப்பாற்றியது. போதாது என்பதையும் அதே மாதங்கள் காட்டின. பெரிய நிறுவனங்களில் நேர்காணல் ஐந்தாறு சுற்று, அதன்பின் வக்கீல், அதன்பின் மனு. இருபது ஆண்டு வரி கட்டி, இங்கேயே பிறந்த பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, பச்சை அட்டை வரிசையில் நிற்பவருக்கு இரண்டே மாதம் என்பது அநீதி. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற ஆணையும் வந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வர நினைப்பவருக்கு வாசல் இன்னும் குறுகியது.

இர்விங்கிலோ ப்ளேனோவிலோ நியூஜெர்சியிலோ இன்று லே ஆஃப் கடிதம் கையில் வந்தால், 2001ல் கெஸ்ட் ஹவுஸில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லாத விஷயங்களை உடனே செய்யுங்கள். 60 நாள் பொதுவாகச் சம்பளம் தரப்பட்ட கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணப்படுகிறது. அந்தத் தேதியை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். புதிய முதலாளியின் மனு அதற்குள் போகாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே பி-2 பார்வையாளர் நிலைக்கு மாற விண்ணப்பியுங்கள். அந்த நிலையில் வேலை செய்யக்கூடாது, வேலை தேடலாம், நேர்காணலுக்குப் போகலாம் என்று குடிவரவுத் துறையே 2023 மார்ச்சில் விளக்கியிருக்கிறது. பெஞ்ச் காலச் சம்பளத்தைத் தராத முதலாளி மீது அமெரிக்கத் தொழிலாளர் துறையில் டபிள்யூ.எச்-4 படிவம் கொடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட தங்கும் காலம் முடியுமுன் நீக்கப்பட்டவர் நாடு திரும்பினால், நியாயமான பயணச் செலவை முதலாளியே தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.