வருணன்: வளைத்துக் காக்கும் பெயர்

தொல்காப்பியர் அகத்திணையியலில் நிலத்தையும் தெய்வத்தையும் இணைத்துச் சொல்லும் இடத்தில், காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. மாமை கருநிறம், செம்மை செந்நிறம், வேந்தன் மன்னன் என மூன்றும் தம் பொருளைத் தாமே சொல்லும் தமிழ்ச் சொற்கள். நான்காவதாகப் பெருமணல் பரந்த நெய்தலுக்கு வரும் வருணன் மட்டும் அப்படித் தன்னைத் திறந்து காட்டுவதில்லை. சொல்லை நேசிக்கும் எவரும் இங்கே ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

ஒலியைப் பாருங்கள். வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை உதறிவிட்டுத் தமிழெழுத்தை அணிந்துகொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியரே வகுத்த முறை. இந்தப் பெயருக்கு உதற எதுவும் இல்லை. வகரம், ருகரம், ணகரம் மூன்றும் நம் எழுத்துகள். 'அன்' ஈறு ஏற்றதும் தமிழிலேயே பிறந்ததுபோல் நாவில் உருள்கிறது. இதனால்தான் இதன் பிறப்பிடம் பற்றிய வழக்கு இன்றும் சுவையாக இருக்கிறது.

வடமொழியாளர் 'வ்ரு' என்னும் வேரைக் காட்டுவர்; மூடுதல், சூழ்தல் என்பது அதன் பொருள். இருக்கு வேதத்தில் வருணன் உலக ஒழுங்கைக் காப்பவன். பிழை செய்தவரைப் பாசக் கயிற்றால் கட்டுபவன். நீருக்கும் மேற்றிசைக்கும் தலைவன் என்பது பின்னர் அவனிடம் ஓங்கிய நிலை. கிரேக்கரின் வானக் கடவுள் ஊரனோசு இவனுக்கு உறவு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. ஒலிமாற்ற விதிகள் இடம் தராததால் இன்று அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை.

தமிழ்ச் சொல்லாய்வறிஞர் பாவாணர் வேறு வழி காட்டினார். வாரணம் என்றால் கடல். வாரணன் கடல் தெய்வம். அதுவே வருணன் ஆயிற்று என்றார். வாரணம் யானையையும் கோழியையும் சங்கையும் கவசத்தையும் கூடக் குறிக்கும் வளமான சொல். நெஞ்சு இந்த வழியை நாடினாலும், பொது ஊழிக்கு முன் 14-ஆம் நூற்றாண்டில் மேற்காசிய மித்தானி அரசர் செய்த உடன்படிக்கையிலேயே வருணன் சான்றாக அழைக்கப்படுவதால், பெயர் வடக்கிலிருந்து வந்தது என்பதே வலுவாக நிற்கிறது. இதில் தமிழுக்குக் குறை ஏதும் இல்லை. வந்த பெயர் அமர்ந்த இருக்கை நம்முடையது.

அந்த இருக்கையைத் தமிழ்க் கடற்சொற்களே காட்டுகின்றன. ஆழி என்பது கடல். ஆழி என்பது மோதிரமும் சக்கரமும். நிலத்தை வட்டமாகச் சூழ்வதை ஒரே சொல்லில் அடக்கினோம். வளை என்பது வளைத்துக்கொள்ளுதல். வளை என்பது சங்கு. அந்தச் சங்கை அறுத்துச் செய்வதும் வளை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்துச் சங்கு குளிப்போர் மூச்சடக்கி மூழ்கி எடுத்துவந்த பொருளின் பெயருக்குள்ளேயே கடலின் இயல்பு சுருண்டு கிடக்கிறது. தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைவளையாகப் போன வணிகம் நெடுங்காலத்தது.

நெய்தல் மக்களின் பழைய வழிபாட்டைக் காட்டும் பட்டினப்பாலையில் வருணன் பெயர் சொல்லி அழைக்கப்படவில்லை. அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் அணங்கை வணங்குகிறார்கள். அஞ்சத்தக்கதையே நட்டு நிறுத்தித் தம் பக்கம் சேர்த்துக்கொள்வது அந்த வழிபாடு.

அதே சுறாவை முன்வைத்து இந்தக் கரை இன்னொரு சொல்லை ஆக்கியது: கடல்கட்டி. முத்துக்குளிப்பின்போது மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்டவருக்கு அது பெயர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் கடற்பகுதியில் இப்படி மந்திரம் செய்வோருக்கு முத்தில் 20-இல் ஒரு பங்கு போனதை எழுதியிருக்கிறார். திருட்டு மூழ்கலைத் தடுக்க, இரவில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார். பாசத்தால் கட்டும் வருணனும் சொல்லால் கட்டும் கடல்கட்டியும் ஒரே வினையின் இரு வடிவங்கள்.

கிரேக்கரின் பொசைடன் இங்கே நல்ல ஒப்பீடு. ஓமரின் காப்பியத்தில் அவன் நிலத்தை நடுக்குபவன். மகன் கண்ணை இழந்த சினத்தில் ஒடிசியசைக் கடலில் அலைக்கழிப்பவன். பைலோசில் கிடைத்த மைசீனியக் களிமண் ஏடுகளிலேயே அவன் பெயர் இருந்தும், அதன் முற்பகுதி 'தலைவன்' என்னும் பொருளது என்று பலர் கருதியும், பிற்பகுதிக்கு முடிந்த முடிவு இல்லை. அவன் கதை சினத்தின் கதை. நம் கரையின் சொற்கள் சூழ்தலையும் கட்டுதலையும் காத்தலையும் பற்றியவை.

16-ஆம் நூற்றாண்டில் பரதவர் கிறித்தவம் தழுவினர். ஆகஸ்டு 5-இல் திருவிழாக் காணும் தூத்துக்குடிப் பனிமய மாதாவை அவர்கள் ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று அழைக்கிறார்கள். அடைக்கலத்தின் வேரைத் தொடுங்கள்: அடை. அடைத்தல், அடைதல், அடைகாத்தல்; சூழ்ந்து மூடிக் காப்பது. சமயம் மாறியது, ஆண் தெய்வத்தின் இடத்தில் தாய் வந்தாள், வேர்ப்பொருள் நகரவில்லை.

வருணன் என்னும் பெயரோ கரையை விட்டு உள்நாட்டுக்குப் போய்விட்டது. இன்று வருண பகவான் என்றால் மழை. கோடையில் அணை வற்றும்போது செய்தித்தாள் அவனை நினைக்கிறது. வேத காலத்தில் வானத்துக்கு உரியவனாயிருந்தவன், நெய்தல் மணலில் சில காலம் தங்கி, மறுபடி மேகத்துக்கே ஏறிவிட்டான். அகராதிகள் இந்தப் பெயரின் கீழ் நீர்க்கடவுள், மேற்றிசைத் தலைவன் என்று பொருள் தருகின்றன. நெய்தல் தெய்வத்தின் முழு வரலாறு வேண்டுமானால், அதனருகில் ஆழியும் வளையும் கடல்கட்டியும் அடைக்கலமும் இடம்பெற வேண்டும். அவை கடலோர மக்கள் தம் வாழ்விலிருந்து எடுத்து மொழிக்குத் தந்த சொற்கள்.