இலை மடிப்பில் இருந்த அடையாளம்: ஸ்னோடிராப் இனங்களைப் பிரித்தறிந்த வரலாறு

ஐரோப்பாவிலும் காகசஸ் மலைப்பகுதியிலும் குளிர்காலம் முடியும் முன்பே பனியைத் துளைத்துக்கொண்டு பூக்கும் ஸ்னோடிராப், தாவரவியலில் கலாந்தஸ் என்னும் பேரினம். நம் ஊர் விஷமூங்கில் அடங்கும் அமரில்லிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையில் இலை காய்ந்து, நிலத்தடிக் குமிழாக உறங்கும். இப்பேரினத்தின் எல்லா இனங்களிலும் பூவின் அமைப்பு ஒன்றே: தலைகுனிந்த ஒற்றைப் பூ, வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள், உள்ளே மூன்று குட்டை இதழ்கள், அவற்றின்மீது பச்சைத் தடம். இன்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. பூவிலிருந்து இலைக்குப் பார்வை திரும்பியதே இவற்றைப் பிரித்தறிந்த வரலாற்றின் பெருந்திருப்பம் என்பதும், அதற்கான தடயம் வெகுகாலம் கண்முன்னே கிடந்தும் உரிய கவனம் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1753இல் லின்னேயஸ் தம் 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' நூலில் பதிவுசெய்தது கலாந்தஸ் நிவாலிஸ் என்ற ஒரே இனத்தைத்தான். 1819இல் மார்ஷல் ஃபான் பீபர்ஸ்டைன், கிரிமியாவில் வளரும் செடியைக் கலாந்தஸ் பிளிகேட்டஸ் எனத் தனி இனமாக்கினார். அதன் இலை விளிம்புகள் பின்பக்கமாக மடிந்திருக்கும். பெயரே அந்த மடிப்பைக் குறிப்பதுதான். இலையைப் பார்த்தே ஓர் இனத்தைப் பிரிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வந்தவர்களின் கண் பூவின் மீதே நின்றது.

1874இல் ஹென்றி ஜான் எல்விஸ், இன்றைய துருக்கியின் இஸ்மிர் அருகே பெரிய பூக்கள் கொண்ட ஒரு ஸ்னோடிராப்பைக் கண்டார். மறு ஆண்டே ஜோசப் ஹூக்கர் அதற்குக் கலாந்தஸ் எல்விசியை என்று பெயரிட்டார். அதன் உள்ளிதழ்களில் நுனியில் ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு பச்சைத் தடங்கள். இரு தடம் இருந்தால் எல்விசியை என்று சொல்லிவிடுவது வசதியாக இருந்தது. அந்த வசதியே குழப்பத்துக்கும் வித்திட்டது. 1891இல் விவரிக்கப்பட்ட கலாந்தஸ் கிராசிலிஸ் இனத்துக்கும் இரு தடங்கள் உண்டு. மறுபக்கம், எல்விசியையிலேயே அடித்தடம் இல்லாத செடிகள் உள்ளன. தோட்டங்களில் அவை நெடுங்காலம் காகசிகஸ் என்ற பெயரில் வளர்க்கப்பட்டன. ஒரே இனம் தடம் குறைந்ததால் வேறு பெயர் பெற்றது. வேறு இனம் தடம் கூடியதால் இதன் பெயருக்குள் நுழைந்தது.

இலை உரிய கவனம் பெறாததற்கு, காய்ந்த மாதிரிகளைச் சேமிக்கும் உலர்தாவரகங்களும் ஒரு காரணம். அழுத்திக் காயவைத்த மாதிரியில் இலையின் நிறம் மங்கும். அடிப்பகுதியின் மடிப்பும் நசுங்கித் தெளிவிழக்கும். இவை உயிருள்ள செடியில்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் சசெக்ஸ் பகுதியின் ஹைடவுனில் சுண்ணாம்பு மண்ணில் தோட்டம் அமைத்த பிரெடரிக் ஸ்டெர்ன் 1956இல் வெளியிட்ட நூல் முக்கியமாகிறது. அவர் இளம் இலைகள் தரையிலிருந்து எழும்போது ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதைக் கொண்டு பேரினத்தை மூன்று தொகுதிகளாக வகுத்தார். நிவாலிஸில் இரண்டு இலைகளும் கைகூப்பியதுபோல் தட்டையாக முகம் பொருந்தி நிற்கும். பிளிகேட்டஸில் அவ்வாறே பொருந்தினாலும் விளிம்புகள் பின்னோக்கி மடிந்திருக்கும். எல்விசியையில் ஓர் இலை மற்றதைச் சுற்றி உறையாகப் பொதிந்திருக்கும். இந்த அளவுகோலை வைத்தால் முன் சொன்ன குழப்பம் அவிழ்கிறது: கிராசிலிஸின் இலைகள் தட்டையாகப் பொருந்துபவை, எல்விசியையின் இலைகள் சுற்றிப் பொதிபவை. பூவில் எத்தனை தடம் என்று எண்ண வேண்டியதே இல்லை. செடியின் அடியைக் குனிந்து பார்த்தால் போதும்.

1999இல் ஆரன் டேவிஸ் எழுதிய தனிநூல், இலை மடிப்போடு இலையின் நிறம், உள்ளமைப்பு, வாழிடம் ஆகியவற்றையும் சேர்த்து 18 இனங்களை வரையறுத்தது. பிறகு மரபணு ஆய்வு வந்தது. 2013இல் வெளியான ஆய்வு பேரினத்தை ஏழு கிளைகளாகக் காட்டியபோது, தட்டை இலை நிவாலிஸும் மடிவிளிம்பு பிளிகேட்டஸும் ஒரே கிளையில் அமைந்தன. எல்விசியையும் கிராசிலிஸும் அப்படியே ஒரு கிளைக்குள் வந்தன. ஸ்டெர்னின் தொகுப்புகள் வம்சாவளியைக் காட்டவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. இதைக் கொண்டு இலை மடிப்பின் மதிப்பைக் குறைத்துவிடலாகாது என்பேன். ஒரு செடி எது என்று அறிய உதவும் அடையாளமும், அது எதற்கு உறவு என்று அறிய உதவும் சான்றும் வெவ்வேறு. முதலாவதற்கு மடிப்பை மிஞ்சிய கருவி களத்தில் இன்றும் இல்லை.

இந்த நுணுக்கத்துக்குச் சந்தையிலும் வேலை உண்டு. காகசஸ் பகுதியின் பச்சை இலை வொரோனோவியை, நெடுங்காலம் இகாரியை என்ற பெயரில் விற்கப்பட்டது. இகாரியையோ ஏஜியன் கடலின் சில கிரேக்கத் தீவுகளில் மட்டுமே வளர்வது; மரபணு ஆய்விலும் அது தனிக் கிளை. பெயர் மாறினால் எந்த மலையில் எந்த இனம் தோண்டப்படுகிறது என்ற கணக்கே பொய்யாகிவிடும். துருக்கியிலிருந்து காட்டுக் குமிழ்கள் கோடிக்கணக்கில் ஏற்றுமதியான காலத்தைத் தொடர்ந்து, 1990இல் கலாந்தஸ் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் இனமாகப் பட்டியலிட்டிருந்தால் பயனிருந்திருக்காது. உறக்கத்திலிருக்கும் குமிழுக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியால் அதன் இனத்தைச் சொல்ல முடியாது. எனவே, இலை எழும் பருவத்தில், செடி வளரும் இடத்திலேயே இனத்தை உறுதிசெய்த பிறகே குமிழ் எடுக்க அனுமதி கணக்கிடப்பட வேண்டும்.