போத்தனூர் மேடை

இன்று பேரூராய் விளங்கும் கோயம்புத்தூர் ஒருகாலத்தில் இரயிலுக்குக் கிளைவழி ஊராகவே இருந்தது. 1862-இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை நோக்கிப் பாதையிட்ட மதராஸ் ரயில்வே கம்பெனியார், கோவையை ஒதுக்கி, போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை அடைந்தனர். 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான் கோவைக்கு நிலையம் வாய்த்தது. ஆகவே பழைய வண்டிகளில் மோகங்கொண்டோர்க்குப் போத்தனூரே தலைநகர்.

அத்தகைய முதிய நண்பர் ஒருவருடன் அந்த மேடையில் பன்முறை உலாவியிருக்கிறேன். ஊதலைக் கேட்டே எஞ்சினை இனங்கண்ட காலத்தை அவர் வருணிப்பார். நீலகிரி மலையேறிய பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை என்று பெருமையும் கொள்வார். வெள்ளையர் காலத்து ஒழுங்கே ஒழுங்கு என்பது அவருடைய பல்லவி.

ஒருநாள் நான் 1921 நவம்பரை நினைவூட்டினேன். மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட ஏறக்குறைய நூறு கைதிகளைத் திரூரில் ஒரே மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து, இரவு வண்டியில் பூட்டி அனுப்பினார்கள். காற்று புகவேண்டிய கம்பிவலையைச் சாயமும் தூசியும் அடைத்திருந்தன. உள்ளிருந்தோர் தட்டியும் கூவியும் பயனில்லை. போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது பெட்டி முழுதும் பிணங்கள். பின்னர் இறந்தோரையும் கூட்டினால் மாண்டவர் எழுபதின்மர். வண்டி குறித்த நேரத்தில் ஓடியதா என்பதைவிட, அதில் யார் எப்படி ஏற்றப்பட்டார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சடலங்களை அதே பாதையில் திரூருக்கே திருப்பினர். அங்கு நகர மண்டபம் அவர்கள் நினைவாக நிற்கிறது.

நண்பர் பதில் சொல்லவில்லை. பாலக்காட்டுப் பக்கம் செல்லும் தண்டவாளத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.